ஒயில் பிரஷர் சென்சரை எங்கே பூட்டுவது?



போன எபிசோடில் சேர்வர் மொனிட்டரிங் பற்றிக் கதைத்தபோது ஒரு கேள்வி பாதியில் நின்றது. டாஷ்போர்ட் முழுக்கப் பச்சையாக இருக்கும், ஆனால் வெளியே இருக்கிற ஆளுக்குப் பக்கமே திறக்காது. இது எப்படி நடக்குது? நேரம் போனதால் அப்படியே விட்டுவிட்டோம். இந்தக் கிழமை எழுத்தில் பதில் சொல்கிறேன். ஆனால் சேர்வரை வைத்து இல்லை, ஒரு கார் எஞ்சினை வைத்து.

என்னிடம் ஒரு கோல்ஃப் 2 இருக்கிறது. நாலு சிலிண்டர், 8 வால்வ், பெட்ரோல். அதில் ஒயில் அழுத்தத்தை அளந்து பதிவு செய்ய ஒரு சென்சர் பூட்டவேண்டும். சென்சர் வாங்குவது லேசு. கோட் எழுதுவது அதைவிட லேசு. அதை எஞ்சினில் எந்த இடத்தில் பூட்டுவது என்று முடிவெடுக்கத்தான் இரண்டு கிழமை போனது. ஏனென்றால் இடம் மாறினால் சென்சர் காட்டுகிற எண் மட்டும் மாறுவதில்லை, அந்த எண்ணின் அர்த்தமே மாறுகிறது.

கோல்ஃப் 2-ஐ உங்களில் கனபேருக்கு வீட்டு அல்பத்திலேயே தெரிந்திருக்கும். 1983 முதல் 1992 வரை சுமார் 63 இலட்சம் கார்கள் செய்தார்கள். எங்கட அப்பாமார், மாமாமார் ஜேர்மனிக்கு வந்து லைசென்ஸ் எடுத்த காலத்தில் கைக்கு எட்டிய விலையில் கிடைத்த காரில் அதுவும் ஒன்று. இப்போது எல்லா கோல்ஃப் 2-வும் 30 வயதைத் தாண்டிவிட்டன. நல்ல நிலையில், மாற்றமில்லாமல் இருந்தால் 'ஹா' எழுத்து போட்ட ஓல்ட்டைமர் நம்பர் பிளேட் எடுக்கலாம், வருஷ வரி 191 யூரோவோடு நிற்கும். அதனால் நான் பூட்டுவது எதுவாக இருந்தாலும் திருப்பிக் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும். முதல் நிபந்தனை இது.

ஏன் இந்த அளவுக்குக் கவலை?

எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது அது பேரிங் உலோகத்தைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் தலைமயிரைவிட மெல்லிய ஒரு இடைவெளி. அதில் ஒயில் படலம் ஒன்று இருக்கும். சுழலும் ஷாஃப்ட் தானே அந்தப் படலத்தை உருவாக்கி அதன்மேல் மிதக்கிறது. பம்ப்பின் வேலை அந்த இடைவெளிக்கு ஒயிலை விடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஒயில் வரத்து நின்றால் படலம் உடையும், உலோகம் உலோகத்தில் உரசும். வேகமாகச் சுழலும் எஞ்சினில் இதற்கு நிமிடங்கள் தேவையில்லை, சில வினாடிகளே போதும். அதன்பிறகு திருத்தவேலை இல்லை, வேறு எஞ்சின்தான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு உண்மையில் தெரியவேண்டியது பேரிங்குக்குப் போதிய ஒயில் போகுதா என்பது. அதை நேராக அளக்க ஏலாது. அதனால் அழுத்தத்தை அளக்கிறோம். அழுத்தம் என்பது ஓட்டத்துக்கு எதிராக இருக்கும் தடை. தடை கூடினாலும் அழுத்தம் கூடும். மைனஸ் 10 பாகையில் காரை ஸ்டார்ட் பண்ணினால் ஒயில் தேன் மாதிரித் தடிப்பாக இருக்கும். கேஜ் 5 பாரைத் தாண்டிக் காட்டலாம். பார்க்க நல்ல எண். ஆனால் அந்த நேரம் பேரிங்குக்குப் போகும் ஒயில் சூடான எஞ்சினில் போவதைவிடக் குறைவு.

மறுபக்கம், ஒயில் மெலிந்தால் அழுத்தம் விழும். 1990-களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை இருந்தபோது பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையை வீட்டில் கேட்டிருப்பீர்கள். கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. மிச்சம் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயிலின் அளவு குறைந்திருக்காது, சிலவேளை கூடியும் இருக்கும். ஆனால் அது தண்ணீர்போல மெலிந்திருக்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் சரியாக இருக்கும், அழுத்தம் இருக்காது. ஒரு அளவீடு சரியாக இருப்பதால் மற்றதும் சரி என்று அர்த்தமில்லை.

ஒயில் போகும் பாதை

எங்கே பூட்டுவது என்று தெரிய, முதலில் பாதை தெரியவேண்டும். கோல்ஃப் 2-இன் எஞ்சினில் அது இப்படி:

அடியில் சம்ப். அதற்குள் வலை போட்ட உறிஞ்சு குழாய். அங்கிருந்து பம்ப். பம்ப்பில் ஒரு ரிலீஃப் வால்வ் இருக்கிறது, அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் மேலதிக ஒயிலைத் திருப்பி விடும். பம்ப்பிலிருந்து ஃபில்டர் பிராக்கெட். இது எஞ்சின் பிளொக்கில் போல்ட் போட்டிருக்கும் அலுமினியத் துண்டு, ஃபில்டர் இதில்தான் திருகப்படும். ஃபில்டரைக் கடந்து பிளொக்கின் நீளத்துக்கு ஓடும் பிரதான கால்வாய். அதிலிருந்து கிராங்கின் மெயின் பேரிங்குகளுக்கு, கிராங்குக்குள் துளைத்த வழிகளால் கொனெக்டிங் ராட் பேரிங்குகளுக்கு. அதே கால்வாயிலிருந்து ஒரு கிளை மேலே சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும். அங்கே காம்ஷாஃப்டும் ஹைட்ரோலிக் டாப்பெட்டுகளும் ஒயிலைக் குடிக்கும். பிறகு எல்லாம் தானாக வழிந்து சம்ப்புக்கு வரும்.

இப்போது நாலு விதமான பிழைகளை யோசித்துப் பாருங்கள்.

ஒன்று: சம்ப்பில் ஒயில் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. எங்கே அளந்தாலும் அழுத்தம் விழும்.

இரண்டு: ஃபில்டர் அடைத்துவிட்டது. ஃபில்டருக்கு முன்னால் அளந்தால் அழுத்தம் கூடித் தெரியும். பின்னால் அளந்தால், பைபாஸ் வால்வ் திறக்கும்வரை குறைந்து தெரியும்.

மூன்று: பேரிங்குகள் தேய்ந்து இடைவெளி பெருத்துவிட்டது. ஒயில் லேசாக வெளியே ஓடிவிடும். பிரதான கால்வாயிலும் ஹெட்டிலும் அழுத்தம் குறையும், முக்கியமாக சூடான ஐட்லில்.

நாலு: ஹெட்டுக்குப் போகும் கிளையில் அடைப்பு. ஹெட்டில் மட்டும் குறையும். கீழே எல்லாம் சரியாக, ஏன், கொஞ்சம் கூடக்கூடத் தெரியும்.

இரண்டாவதையும் நாலாவதையும் இன்னொருக்கால் வாசியுங்கள். அடைப்புக்கு முன்னால் நின்று அளந்தால் அடைப்பு நல்ல செய்தியாகத் தெரிகிறது. லோட் பேலன்சரில் நின்று பார்க்கிற ஆளுக்குப் பின்னால் டேட்டாபேஸ் செத்துக்கிடப்பது தெரியாது என்பதும் இதுதான். அவருடைய ஹெல்த் செக்குக்கு 200 ஓகே வந்துகொண்டே இருக்கும்.

வொல்ஃப்ஸ்புர்க் சொன்ன பதில்

பழைய கார்களில் பெரும்பாலும் ஒரேயொரு ஒயில் சுவிட்ச்தான். அழுத்தம் சுமார் 0.3 பாருக்குக் கீழே இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், மேலே போனால் அணையும். ஐட்லுக்கு இது போதும். ஆனால் 5000 சுற்றில் ஓடும் எஞ்சினில் 0.5 பார் இருந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், விளக்கோ அணைந்திருக்கும். சரி, எல்லையை 1.8 பாருக்கு உயர்த்தலாமா? உயர்த்தினால் ஆரோக்கியமான எஞ்சினே சூடான ஐட்லில் அதற்குக் கீழே போகும். ஒவ்வொரு சிவப்பு சிக்னலிலும் விளக்கு எரியும்.

ஃபோல்க்ஸ்வாகன் இதற்கு இரண்டு சுவிட்ச் போட்டது. ஒன்று சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், 0.3 பார், பழுப்பு நிறம். மற்றது ஃபில்டர் பிராக்கெட்டில், 1.8 பார், வெள்ளை நிறம். இரண்டையும் பார்த்து முடிவெடுக்க மீற்றர் பெட்டிக்குள் ஒரு சின்ன எலக்ட்ரோனிக் பகுதி. அதன் விதி இதுதான்: எந்தச் சுற்றிலும் ஹெட்டில் 0.3 பார் இருக்கவேண்டும். எஞ்சின் சுமார் 2000 சுற்றைத் தாண்டினால் பிராக்கெட்டில் 1.8 பாரும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் விளக்கோடு பஸ்ஸரும் அடிக்கும்.

ஒரு மைக்ரோகொன்ட்ரோலரும் தேவையில்லாத விதி. ஆனால் யோசனை நல்ல யோசனை. ஒரு சுவிட்ச் ஹெட் கிளையின் கடைசியில், மற்றது பாதையின் தொடக்கத்துக்குக் கிட்ட. எல்லையும் ஒன்று இல்லை, வேகத்தோடு மாறுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது இரண்டும் எதிர்மாறாக வேலை செய்வது. 0.3 பார் சுவிட்ச் அழுத்தம் இல்லாதபோது மூடியிருக்கும், அழுத்தம் வந்தால் திறக்கும். அதன் வயர் அறுந்தால் சிஸ்டத்துக்கு அது 'எல்லாம் சரி' என்றே படும். 1.8 பார் சுவிட்ச் மறுவளம். அழுத்தம் வந்தால்தான் மூடும். அதன் வயர் அறுந்தால் 2000 சுற்றைத் தாண்டியதும் பஸ்ஸர் கத்தும். ஒன்று பழுதானால் சத்தமில்லாமல் போகும், மற்றது பழுதானால் சத்தம் போடும். ஒரே மாதிரியான இரண்டைப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. வருஷங்கள் போக வெள்ளை சுவிட்சின் கொனெக்டரில் துரு ஏறும். ஒயில் நன்றாக இருந்தும் பஸ்ஸர் கத்தும். எரிச்சலில் பஸ்ஸரையே அறுத்துவிட்டு ஓட்டிய கார்கள் உண்டு. பழைய கோல்ஃப் ஒன்றை வாங்கப் போனால் அந்த பஸ்ஸர் இன்னும் உயிரோடு இருக்கா என்று பாருங்கள்.

வேறு வழியில் போன உற்பத்தியாளரும் உண்டு. மஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் வருஷக் கார்களில் டாஷ்போர்டில் உண்மையான ஒயில் அழுத்த கேஜ் இருந்தது. 1990-களின் நடுவில் அதை மாற்றினார்கள். கேஜ் பார்க்க அப்படியே இருந்தது, பின்னால் வெறும் சுவிட்ச். அழுத்தம் கொஞ்சம் இருந்தாலே ஊசி நடுவில் போய் நிற்கும், கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. ஊசி இருக்கிறது, தகவல் இல்லை. விளக்கு மட்டும் இருந்திருந்தால் ஓட்டுபவருக்குத் தனக்கு ஒன்றும் தெரியாது என்றாவது தெரிந்திருக்கும்.

எனக்கு முன்னால் இருந்த மூன்று இடங்கள்

முதலாவது, சிலிண்டர் ஹெட். பழுப்பு சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு டி-துண்டு போட்டு சுவிட்சையும் சென்சரையும் சேர்த்துப் பூட்டலாம். கை எட்டும் இடம். இங்கே அழுத்தம் இருந்தால் ஒயில் மேலே வரை வந்துவிட்டது என்று தெரியும். பிரச்சினை, ஹெட் ஒரு கிளை. பிரதான பாதையின் முடிவு அல்ல. இங்கே குறைந்தால் மெயின் பேரிங்கில் குறைந்ததா, இந்தக் கிளையில் மட்டுமா என்று சொல்ல ஏலாது. நான் பயப்படுவது கிராங்கைப் பற்றி. காம்ஷாஃப்டைப் பற்றி இரண்டாவதாகத்தான் பயப்படுவேன்.

இரண்டாவது, ஃபில்டருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் வைக்கும் சான்ட்விச் பிளேட். கடையில் ரெடியாகக் கிடைக்கும், பக்கத்தில் சென்சருக்குத் துளை இருக்கும். ஆனால் அந்தத் துளை ஃபில்டருக்கு முன்னா பின்னா என்று விற்பவர் பலநேரம் சொல்வதில்லை. அதோடு இன்னொரு கேஸ்கெட், இன்னொரு ஒழுகும் இடம்.

மூன்றாவது, ஃபில்டர் பிராக்கெட். ஒயில் பிரதான கால்வாய்க்குப் போகும் வாசல். சில பிராக்கெட்டுகளில் வெள்ளை சுவிட்ச் துளையைத் தவிர அடைத்துவிட்ட துளைகளும் மிச்சம் இருக்கும். இங்கேயும் அதே கேள்வி: எந்தத் துளை ஃபில்டருக்கு முன், எது பின்? பிராக்கெட்டில் பல வகைகள் இருப்பதால் ஒன்றுக்குச் சரியானது மற்றதுக்குச் சரியாகாது. ஆனால் கண்டுபிடிப்பது லேசு. ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் திருகுப்புரி போட்ட குழாய். அதைச் சுற்றி வெளிவட்டத்தில் துளை. வெளிவட்டத்தால் ஒயில் ஃபில்டருக்குள் போகும், சுத்தமானது நடுக்குழாயால் எஞ்சினுக்குத் திரும்பும். எல்லா ஸ்பின்-ஓன் ஃபில்டரிலும் வழமை இதுதான். பழைய கார் உடைக்கும் இடத்தில் என் எஞ்சினில் இருக்கும் அதே பிராக்கெட்டை வாங்கி மேசையில் வைத்து, ஒவ்வொரு துளையிலும் சின்ன ஹோஸால் ஊதிப் பார்த்தேன். காற்று நடுக்குழாயால் வந்தால் அந்தத் துளை ஃபில்டருக்குப் பின். வெளிவட்டத்தால் வந்தால் முன். பத்து நிமிட வேலை. அடைத்திருந்த துளைகளில் ஒன்று பின்பக்கத்தோடு சேர்ந்திருந்தது. இடம் கிடைத்துவிட்டது.

இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது பிழை. இந்த எஞ்சினுக்கு வேர்க்ஸ்டாட் கையேடு சொல்லும் அளவு: ஒயில் 80 பாகை சூட்டில், 2000 சுற்றில், குறைந்தது 2 பார். அந்த ஒரு வசனத்தில் சூடு, சுற்று, அழுத்தம் மூன்றும் இருக்கிறது. அளவுக்கருவியை எந்தத் துளையில் திருகிப் பார்க்கச் சொல்கிறார்கள் என்பதையும் அதே பக்கத்தில் பாருங்கள். நாலும் சேர்ந்தால்தான் அது ஒரு அளவு.

புரியும் பாரமும்

துளையைத் தீர்மானித்த பிறகு பலர் எஞ்சினைக் கெடுப்பது திருகுப்புரியில். கோல்ஃபில் இருப்பது எம்10 × 1, கூம்பாக ஒடுங்கும் புரி. கடையில் மலிவாகக் கிடைக்கும் சென்சர்களில் பாதி 1/8 என்பிடி, அமெரிக்க அளவு. அதன் பருமன் சுமார் 10.3 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 27 புரி, அதாவது ஒரு புரிக்கு 0.94 மில்லிமீற்றர். மூன்றாவதாக ஜி 1/8 என்ற ஒன்று, 9.7 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 28 புரி. மூன்றும் கண்ணுக்கு ஒரே மாதிரி. என்பிடி சென்சர் எம்10 துளையில் ஒன்றிரண்டு சுற்று அழகாக ஏறும். பிறகு இறுகும். 'இறுகுது, நல்லாப் பிடிச்சிட்டு' என்று நினைத்து இன்னும் திருகினால் அலுமினியப் புரி சிதையும். கையால் நாலைந்து சுற்று லேசாக ஏறாவிட்டால் அது உங்கள் புரி இல்லை. சரியான அடப்டர் ஐந்து, பத்து யூரோதான்.

அடுத்தது பாரம். ஃபெடேஓ பெயரில் வரும் பழைய மாதிரி அழுத்தக் கொடுப்பான் ஒரு உருண்டை டப்பா. 1929-இல் ஃபிராங்க்ஃபுர்ட்டில் இரண்டு மீற்றர் கம்பனிகள் சேர்ந்து உருவான பெயர் அது, இன்றும் பழைய கார்க்காரர்களின் முதல் தெரிவு. உள்ளே 10 முதல் 184 ஓம் வரை மாறும் தடை. நல்ல சாமான், ஆனால் பாரமானது. அதை நீட்டிக்கொண்டு நிற்கும் பித்தளை டி-துண்டின் நுனியில் தொங்கவிட்டால், நாலு சிலிண்டர் எஞ்சினின் நடுக்கம் அதை ஒவ்வொரு வினாடியும் ஆட்டிக்கொண்டே இருக்கும். பித்தளை களைத்து ஒருநாள் முறியும். அங்கே முறிந்தால் பம்ப் சம்ப்பிலுள்ள முழு ஒயிலையும் ரோட்டில் ஊற்றும். ஒயிலைக் காக்கப் பூட்டிய சென்சர் ஒயிலைக் கொட்டிவிடும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரை நினைத்துப் பாருங்கள். இது என் எஞ்சினை மட்டும் பற்றிய விஷயம் இல்லை.

அதனால் பாரமான எதையும் எஞ்சினில் தொங்கவிடுவதில்லை. துளையில் சின்ன அடப்டர் மட்டும். அதிலிருந்து உலோக வலை பின்னிய குட்டை ஹோஸ். சென்சர் கார் உடம்பில் ஒரு பிராக்கெட்டில். ஹோஸ் சூடான ஒயிலுக்கும் அழுத்தத்துக்கும் என்று விற்கப்படுவதாக இருக்கவேண்டும், எக்ஸோஸ்ட் பக்கம் போகக்கூடாது, எங்கேயும் உரசக்கூடாது, எஞ்சின் ஆடும் அளவுக்குத் தளர்வும் வேண்டும். நீளமும் முக்கியம். ஹோஸுக்குள் ஒயில் ஓடுவதில்லை, தேங்கி நிற்கும். குளிரில் அது தடித்திருக்க, நீண்ட ஹோஸில் அழுத்த மாற்றம் பிந்தி வரும்.

ஒரே ஒரு வயர் உள்ள கொடுப்பான் பாவிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கு மைனஸ் வருவது அதன் உடம்பால். ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் தனியாக மாஸ் வயர் போடவேண்டும்.

வயரிலிருந்து கோட் வரை

நான் எடுத்தது மூன்று வயர் எலக்ட்ரோனிக் சென்சர். 5 வோல்ட் கொடுத்தால் 0 பாருக்கு 0.5 வோல்ட், 10 பாருக்கு 4.5 வோல்ட். 1.8 பார் என்றால் 1.22 வோல்ட்.

ஏன் 0-இல் தொடங்காமல் 0.5-இல்? நம்மட ஆட்களுக்கு உடனே விளங்கும்: பூச்சியமும் நல்-உம் ஒன்று இல்லை. 0.5 வோல்ட் வந்தால் சென்சர் உயிரோடு இருக்கிறது, அழுத்தம்தான் இல்லை. 0 வோல்ட் வந்தால் வயர் அறுந்துவிட்டது, அழுத்தம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் வேறு வேறு அலாரம். கோட்டில் 0.3 வோல்ட்டுக்குக் கீழே எதையும் 0 பார் என்று எழுதுவதில்லை, 'தெரியாது' என்று எழுதுகிறது.

இந்த வகை சென்சரின் வெளியீடு கொடுக்கும் வோல்ட்டின் விகிதத்தில் வரும். 5 வோல்ட் 4.8-ஆக இறங்கினால் எல்லா அளவும் கூட இறங்கும். அதனால் சப்ளையையும் ஒரு சனலில் அளந்து வகுத்துவிடுகிறேன். இஎஸ்பி32-இன் சொந்த ஏடிசி நேர்கோடாக நடக்காது. எனவே தனியாக ஏடிஎஸ்1115 சிப், அதற்கு முன்னால் இரண்டு ரெசிஸ்டரால் வோல்ட்டைக் குறைத்துவிட்டேன். அது 16 பிட் என்பதற்காக அளவும் அவ்வளவு துல்லியம் என்று நினைக்கவேண்டாம். 10 பார் சென்சரில் 1 சதவீதப் பிழை என்றால் 0.1 பார். திரையில் இரண்டாவது தசம எண்ணைக் காட்டுவது வீண்.

எத்தனை தரம் அளப்பது? நீண்ட வளைவில் வேகமாகப் போனால் சம்ப்பில் ஒயில் ஒருபக்கம் ஒதுங்கும். உறிஞ்சு குழாய் ஒரு கணம் காற்றைக் குடிக்கும். 20.8 கிலோமீற்றர் நீளமான நோர்ட்ஷ்லைஃபயில் இதற்கு இடம் தாராளம், அவுட்டோபானின் வட்ட வெளியேற்றத்திலும் நடக்கலாம். அரை வினாடிச் சரிவு. ஐந்து வினாடிச் சராசரி எடுத்துப் பதிவு செய்தால் அது இருந்த இடமே தெரியாது. அதனால் வினாடிக்கு 100 தரம் அளந்து, ஒவ்வொரு வினாடிக்கும் சராசரியை மட்டும் இல்லாமல் மிகக் குறைந்த அளவையும் சேமிக்கிறேன். எஞ்சினைக் கொல்வது அந்தக் குறைந்த அளவு. அதோடு எஞ்சின் சுற்றையும் ஒயில் சூட்டையும் அதே வரியில் எழுதவேண்டும். அவை இல்லாத அழுத்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது.

எடுத்த முடிவு

சென்சர் ஃபில்டர் பிராக்கெட்டில், ஃபில்டருக்குப் பின்னாலான துளையில் இருந்து, குட்டை ஹோஸால் கார் உடம்பில். ஃபில்டர் அடைத்தாலும் எனக்குத் தெரியும், பேரிங் தேய்ந்தாலும் தெரியும், பம்ப் காற்றுக் குடித்தாலும் தெரியும். ஹெட் கிளை அடைத்தால் மட்டும் தெரியாது. அதற்கு ஃபோல்க்ஸ்வாகனின் பழுப்பு சுவிட்ச் ஏற்கனவே அந்த இடத்தில் நிற்கிறது.

இரண்டு பழைய சுவிட்சுகளையும் தொடவில்லை. அவற்றின் வயரையும் தொடவில்லை. என் கோட் தொங்கினாலும், எஸ்டி கார்ட் நிரம்பினாலும், விளக்கும் பஸ்ஸரும் 1980-களில் செய்த மாதிரியே வேலை செய்யவேண்டும். புதிய மொனிட்டரிங் போடும்போது பழைய அலாரத்தைக் கழற்றி அதன்மேல் கட்டாதீர்கள். பக்கத்தில் கட்டுங்கள். ஓல்ட்டைமர் பிளேட் விஷயமும் இதோடு சரி: அடப்டரைக் கழற்றி பழைய அடைப்பை மாட்டினால் கார் பழையபடி.

பூட்டியபிறகு எஞ்சினை ஐட்லில் விட்டு ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த பேப்பரால் துடைத்துப் பார்த்தேன். சூடாகிய பிறகு ஒருக்கால், 100 கிலோமீற்றர் ஓடியபின் ஒருக்கால். ஒயில் சொட்டும் கார் ட்யூஃபிலும் குறைதான்.

போன எபிசோடின் கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. டாஷ்போர்ட் பொய் சொல்வதில்லை. அது நிற்கிற இடத்தில் தெரிவதைச் சொல்கிறது. உங்கள் அடுத்த புரொஜெக்டில் கிராஃப் வரைய முதல், டேட்டா போகும் பாதையை ஒரு தாளில் கீறி, நாலு பிழைகளை எழுதி, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் எப்படித் தெரியும் என்று பாருங்கள். எது எங்கேயும் தெரியவில்லையோ அங்கேதான் அடுத்த சென்சர்.

கார் புதிதாக இருந்தாலும் இரண்டு விஷயம் எல்லாருக்கும். ஸ்டார்ட் பண்ண முதல் திறப்பை ஒன் நிலைக்குத் திருப்பி சிவப்பு ஒயில் விளக்கு எரியுதா என்று பாருங்கள். எரியாவிட்டால் விளக்கோ வயரோ செத்திருக்கலாம், உண்மையான ஆபத்திலும் அது எரியாது. ஓடும்போது சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால், 'அடுத்த வெளியேற்றம் மட்டும் போவம்' என்று நினைக்கவேண்டாம். பாதுகாப்பாக ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கு ஒயில் மட்டத்தைப் பற்றியது, கொஞ்சம் நேரம் தரும். சிவப்பு தராது.

கோட்டும் வயரிங் படமும் கேட்டால் அனுப்புகிறேன். உங்கட வீட்டிலும் பழைய கார் ஏதும் நிற்குதெண்டால், அதில் எந்த சென்சர் எந்த இடத்தில் இருக்கு எண்டு எழுதுங்கோ. அடுத்த எபிசோடில் கதைப்பம்.